தொள்ளாயிரம் டிகிரியில் ஒரு மணி நேரம்

மார்ச் 3

காலையில் பெங்களூரிலிருந்து மெஷின் வந்து இறங்கியது. பெயர் டி.ஜி.ஏ. கடுகளவு பெயின்ட்டைக் குட்டிக் கிண்ணத்தில் வைத்து, தொள்ளாயிரம் டிகிரி வரை மெல்ல மெல்லச் சூடாக்கும். சூடேற ஏற எடை எவ்வளவு குறைகிறது என்று நொடிக்கு நொடி கோடு போட்டுக் காட்டும். செய்வது அவ்வளவுதான். இதற்குத் தனி அறை, தனி ஏ.சி., தனி நைட்ரஜன் சிலிண்டர். நான் கப்பலூர் தொழிற்பேட்டையில் இந்தப் பெயின்ட் கம்பெனிக்கு இருபத்தெட்டு வருஷமாக உழைக்கிறேன், தரக்கட்டுப்பாட்டுத் தலைவன் என்று பெயர், எனக்கு இன்னும் தனி அறை கிடையாது.

லாரி வாங்கினாலும் ஜெராக்ஸ் மெஷின் வாங்கினாலும் எங்கள் முதலாளி கோதண்டராமன் பூஜை போடாமல் தொடவிட மாட்டார். பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, ஐயர் மெஷினுக்கு மூன்று பட்டை விபூதி போட்டார். உள்ளேயும் போட்டால்தான் பலன் என்று கதவைத் திறந்து ஒரு சிட்டிகை தூவினார். ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட நிறுக்கும் தராசு அது. பெங்களூர் இன்ஜினியர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

அதன் பிறகு வெறும் கிண்ணத்தைச் சூடாக்கிப் பார்த்தான். கோடு நேராகப் போக வேண்டும். எழுநூறு டிகிரி பக்கம் லேசாகச் சரிந்தது. அவன் விழித்தான். நான்தான் சொன்னேன்: "விபூதிப்பா. கடை விபூதி முக்காவாசி சுண்ணாம்புக்கல் பொடி. எழுநூறுல அதுல இருக்கிற கரியமில வாயு கிளம்பிப் போயிரும், எடை கொறையும்." அவன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அடிப்படை வேதியியலே தெரிவதில்லை.

மார்ச் 4

இந்த மெஷின் எதற்கு என்று தமயந்தி கேட்டாள். மனைவிக்குப் புரியும்படி சொன்னேன். சுவரில் காய்ந்த பெயின்ட் என்பது இரண்டே பொருள். ஒன்று பாலிமர், அதாவது பசை. இன்னொன்று பொடி. பசைதான் பொடியைச் சுவரோடு பிடித்து வைக்கிறது. பசை எத்தனை சதவீதம் என்று சர்டிபிகேட் இருந்தால்தான் பெரிய பில்டர்கள் இனி வாங்குவார்களாம், அதுவும் இந்த மெஷின் போட்ட சர்டிபிகேட்டாக இருக்க வேண்டுமாம்.

எங்களிடம் ஏற்கெனவே முறை இருக்கிறது. முறை எண் 14, எழுதியவன் நான். காய்ந்த பெயின்ட்டை உலையில் தொள்ளாயிரம் டிகிரியில் ஒரு மணி நேரம் வை. எடுத்து நிறு. போனது பசை, நின்றது பொடி. எங்கள் 'பட்டுக்கவசம்' பெயின்ட்டில் இத்தனை வருஷமும் பசை முப்பத்து நாலு சதவீதம். ஒரு தடவைகூட ஆடியதில்லை. மனுஷனுக்கு ரத்த அழுத்தம்கூட இவ்வளவு நிலையாக இருக்காது.

மெஷினைப் பார்த்துக்கொள்ள நஸ்ரின் என்று ஒரு பெண்ணை எடுத்திருக்கிறார்கள். எம்.எஸ்ஸி. முதல் நாளே என்னிடம், "முறை 14 ஃபைல் கெடைக்குமா சார், ஒப்பிட்டுப் பாக்கணும்" என்றாள். என் முறையை ஒப்பிடப் போகிறாளாம்! அலமாரியைக் கைகாட்டினேன்.

மார்ச் 6

தோட்டக்காரன் வெளியே செடி வெட்டும் மெஷினை ஓட்டினால்கூட உள்ளே டி.ஜி.ஏ. கோடு நடுங்குகிறது. வீட்டோடு மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடந்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 9

பெயின்டிங் கான்ட்ராக்டர் மொக்கச்சாமி வந்தார். செக்கானூரணிப் பக்கம். விரல் இடுக்கெல்லாம் வெள்ளை. தென்றல் கார்டன் குடியிருப்பில் இருநூற்று நாற்பது வீட்டுக்கு எங்கள் பட்டுக்கவசத்தை அடித்தவர் இவர்தான்.

"ஐப்பசில அடிச்சது சார். மாசிக்குள்ள கையில ஒட்டுது. செவுத்துல சாஞ்சா முதுகெல்லாம் வெள்ள. நீங்க என்னடான்னா தண்ணி அதிகம்னு எழுதிக் குடுத்துட்டீக."

போன மாதம் எழுதிக் கொடுத்தேன். புகார் வரும்போதெல்லாம் எழுதிக் கொடுக்கும் வாசகம்தான்: 'பெயின்ட்டில் குறையில்லை. அளவுக்கு மீறித் தண்ணீர் கலக்கப்பட்டுள்ளது.' கண்ணை மூடிக்கொண்டே டைப் அடித்துவிடுவேன்.

"எவ்வளவு தண்ணி சேத்தீங்க?"

"டப்பால என்ன போட்டிருக்கோ அதேன் சார். பத்து லிட்டருக்கு மூணு. வீரணன்தேன் கலக்குவான், எம் பொண்டாட்டி கூடப்பொறந்தவன். பன்னெண்டு வருசமா அளவுச்சொம்பு இல்லாம அவன் தண்ணிய தொட்டதில்ல."

"எல்லாப் பெயின்டரும் இதத்தான் சொல்றாங்க."

"எல்லாரும் ஒண்ணையே சொன்னா, அது நெசமாக்கூட இருக்கலாம்ல சார்?"

வாய் கொஞ்சம் நீளம். இருபத்தெட்டாம் தேதி பில்டர்கள் சங்கத்தில் இவர் விஷயம் விசாரணைக்கு வருகிறதாம். குறை இவர் பக்கம் என்று முடிவானால் சங்கத்தின் கான்ட்ராக்டர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். "பேர எடுத்துட்டாய்ங்கன்னா மதுரை ஜில்லாவுல எவனும் ஏணி சாத்த விடமாட்டான் சார். என்னைய நம்பி பதினாலு குடும்பம். புது மெசினு வந்திருக்காமே, அதுல அதே பெயின்ட்ட ஒருக்கா போட்டுப் பாத்துச் சொல்லுங்க. மெசினு என்ன சொல்லுதோ அதுக்குக் கட்டுப்படுறேன்."

தயாராகும் ஒவ்வொரு தொகுதி பெயின்ட்டிலும் ஒரு டப்பாவை நாங்கள் கிடங்கில் எடுத்து வைப்போம். தென்றல் கார்டனுக்குப் போன தொகுதியின் டப்பாவை எடுத்து நஸ்ரினிடம் கொடுத்தேன். மெஷினும் என்னையே ஆமோதிக்கட்டும், மனுஷன் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

மார்ச் 10

விடுமுறை. கேஸ் சிலிண்டர் மாற்றினேன். மின்விசிறி துடைத்தேன். பொங்கலுக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கும் ஊழியர் கோட்டாவில் பட்டுக்கவசம்தான் அடித்தோம். தமயந்தி, நேற்று ஒரு கல்யாணத்துக்குக் கட்டிப்போன பட்டுப் புடவையை உதறிக்கொண்டே, "உங்க கம்பெனி பெயின்ட்டு செவுத்துல இருக்கறதவிட எம் முதுகுலதான் நெறைய இருக்கு" என்றாள். ஈரச்சுவர் என்று சொன்னேன். இந்த வருஷம் திருநகரில் மழையே இல்லை என்கிறாள். பெண்களுக்கு நிலத்தடி நீரைப் பற்றித் தெரியாது.

மார்ச் 13

நஸ்ரின் தாளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ரெண்டு எடத்துல எறங்குது சார். முன்னூத்தம்பது பக்கம் ஒண்ணு, பன்னெண்டு சதவீதம். அது பாலிமர். அப்புறம் நேரா போகுது. அறுநூத்தம்பதுக்கு மேல இன்னொண்ணு, இருபத்திரெண்டு."

"மொத்தம்?"

"முப்பத்திநாலு சார்."

"பாத்தியா! முறை 14-ம் அதத்தானம்மா சொல்லுது. இம்மி பிசகல."

"அதான் சார் பயமா இருக்கு" என்றாள்.

அந்த இரண்டாவது இறக்கம் பசை இல்லையாம், சுண்ணாம்புக்கல்லாம். பெயின்ட்டில் பாதி சுண்ணாம்புக்கல் பொடி இருந்தால்தான் இவ்வளவு போகுமாம். உலையில் தொள்ளாயிரத்தில் வைத்தால் கல்லிலிருந்து போகும் வாயுவும் பசைக் கணக்கில் சேர்ந்துவிடுமாம். எனக்கே பாடம் எடுக்கிறாள். பூஜை விபூதி கிண்ணத்தில் ஒட்டியிருக்கும், கழுவிவிட்டு மறுபடி போடு என்று அனுப்பினேன்.

மார்ச் 14

கிண்ணத்தை அமிலத்தில் கழுவி, தணலாகச் சுட்டு, மூன்று தடவை போட்டாளாம். வெறும் கிண்ணம் நேர்கோடு. பெயின்ட் வைத்தால் மூன்று தடவையும் பன்னிரண்டு, இருபத்திரண்டு.

"இருபத்திரெண்டு சதவீதம் எறங்கற அளவுக்கு விபூதின்னா, ஐயர் பெயின்ட் டப்பாவுலயே மூட்டையோட கொட்டியிருக்கணும் சார்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். சிரித்திருந்தால் திட்டியிருப்பேன், சிரிக்கவும் இல்லை.

மார்ச் 17

மதியம் என் மேஜையில் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நஸ்ரின் டீ குடிக்கப் போய்விட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

முதல் தாள், முறை 14, முதல் பதிப்பு, பதினாறு வருஷத்துக்கு முந்தியது: 'நானூற்றைம்பது டிகிரி, நான்கு மணி நேரம்.' அந்தச் சூட்டில் பசை மட்டும்தான் எரியும், கல் அசையாது. இரண்டாவது தாள், திருத்திய பதிப்பு, பதினோரு வருஷத்துக்கு முந்தியது: 'தொள்ளாயிரம் டிகிரி, ஒரு மணி நேரம்.' திருத்தத்துக்குக் காரணம்: 'நேரமும் மின்சாரமும் மிச்சம்.' இரண்டிலும் கையெழுத்து ஆதிமூலம், அதாவது நான்.

அந்த வருஷம் கரன்ட் எப்படிப் போய்ப் போய் வந்தது என்று அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும்? பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பாள். நான்கு மணி நேரம் உலையை ஓட்டினால் நடுவில் இரண்டு தடவை அணைந்துவிடும். நியாயமான திருத்தம். அதே மாதம் முதலாளி குவாரியிலிருந்து சுண்ணாம்புக் கல்பொடி லாரி லாரியாக இறக்கினார் என்பது வேறு விஷயம். பசையை எவ்வளவு குறைத்து, கல்பொடியை எவ்வளவு ஏற்றினால் தொள்ளாயிரம் டிகிரியில் முப்பத்து நாலு ஆடாமல் நிற்கும் என்று அவர் ஒரு கணக்குக் கேட்டார். போட்டுக் கொடுத்தேன். பிளஸ் டூ படித்த எவனும் போட்டுவிடக்கூடிய கணக்கு. கணக்குப் போட்டுக் கொடுத்தவனையா குற்றம் சொல்வது?

மார்ச் 19

முதலாளி கூப்பிட்டார். மெஷின் அறை வாசலில் நின்று, கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"என்ன ஆதிமூலம், அந்தப் பொண்ணு படிக்கட்டு படிக்கட்டா கோடு போட்டு வச்சிருக்காமே?"

"ஆமாங்க முதலாளி."

"எதுக்குப் படிக்கட்டு? நாம என்ன தெப்பக்குளமா கட்டுறோம்? மொதல்ல எவ்வளவு இருந்துச்சு, கடைசில எவ்வளவு நிக்கிது. ரெண்டு புள்ளி போதும். நடுவுல நடக்குறது நமக்கெதுக்கு?"

"சரிங்க முதலாளி."

"மே மாசத்தோட உங்க சர்வீஸ் முடியுதுல்ல? வீட்டுல சும்மா உக்காந்து என்ன பண்ணப் போறீங்க. ரெண்டு வருசம் ஆலோசகரா இருங்க. தனி ரூம் போட்டுத் தாரேன்."

இருபத்தெட்டு வருஷமாக இவருக்குத் தோன்றாத அறை இன்றைக்குத் தோன்றியிருக்கிறது. நான் காரணம் கேட்கவில்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதைப் பொய் என்று எழுத முடியாது.

மார்ச் 22

ரேஷன் கார்டு திருத்தம். இ-சேவை மையத்தில் மூன்று மணி நேரம். சர்வர் இல்லை.

மார்ச் 24

நஸ்ரின் சர்டிபிகேட் படிவத்தோடு வந்து நின்றாள். "என்ன எழுதட்டும் சார்?"

"மொத்த எடை இழப்பு முப்பத்திநாலு சதவீதம். இது பொய்யா?"

"இல்ல சார்."

"அப்ப எழுது."

எழுதினாள். "இதுக்குப் பக்கத்துல பாலிமர்னு எழுதணுமா சார்?"

"அத நான் எழுதிக்கிறேன்."

'சோதித்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். அவள் பொய் எழுதவில்லை, நான் அப்படி எழுத வைக்கவும் இல்லை. இந்தக் காலத்தில் எந்த மேலதிகாரி இவ்வளவு பார்க்கிறான்? நடுவில் இருந்த ஒரு சொல்லை மட்டும் நான் என் கையால் நிரப்பினேன்.

மார்ச் 28

பைபாஸ் ரோட்டில் பில்டர்கள் சங்கத்து ஹால். போண்டா, காபி. சட்னி புளித்திருந்தது. நிபுணர் என்ற முறையில் என்னை மேடைக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மெஷினைப் பற்றி இருபது நிமிஷம் பேசினேன். நைட்ரஜன், தராசு, பிளாட்டினம் கிண்ணம் என்று சொல்லச் சொல்ல, பில்டர்கள் எல்லோரும் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள். ஒருவர் குறட்டையும் விட்டார்.

மொக்கச்சாமி வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். ஒரு கேள்வி கேட்கலாமா என்று எழுந்து நின்றார்.

"சார், இந்த மெசினுக்கு இவன் கம்பெனி ஆளு, இவன் பெயின்டர்னு ஆளு பாக்கத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"அதே டப்பாவத்தேன் போட்டீகளா?"

"அதே டப்பாதான்."

"பசை முப்பத்திநாலா சார்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தண்ணீர் குடித்தேன். "முப்பத்திநாலு" என்றேன்.

வாக்குவாதம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு நாலு பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப எங்காளுகதேன் தப்புப் பண்ணியிருக்காய்ங்க. மன்னிச்சிருங்க" என்று சங்கத் தலைவரைப் பார்த்துக் கும்பிட்டார். ஒப்புக்கொண்டதால் கருணை காட்டி, இரண்டு வருஷத்துக்கு மட்டும் பெயரை எடுத்தார்கள். வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கை வியர்த்திருந்தது. அந்த ஹாலில் ஏ.சி. சரியில்லை.

மார்ச் 29

ஆலோசகர் நியமனக் கடிதம் வந்தது. தமயந்தி கேசரி கிண்டினாள். சர்க்கரை அதிகம்.

ஏப்ரல் 2

நஸ்ரின் வேலையை விட்டுவிட்டாள். உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். ராஜினாமா என்று நினைத்துப் பிரித்தேன். அந்த இரண்டு படிக்கட்டுக் கோடுதான். அசல். எப்போதாவது உதவும் என்று நினைத்தாளோ என்னவோ.

ஏப்ரல் 5

சாப்பாட்டு நேரத்தில் மொக்கச்சாமி போன் செய்தார். திட்டப்போகிறார் என்று எழுந்து வாசலுக்குப் போய்ப் பேசினேன்.

"சார், நன்றி சொல்லத்தேன் கூப்ட்டேன். அன்னைக்கி ராவே வீரணன கூப்ட்டு வச்சுக் கேட்டேன். அளவாத்தேன் ஊத்துனேன்ங்கிறான். பிள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்றான் சார். வெளிநாட்டு மெசினு சொல்லுது, அது பொய்யாடான்னு செருப்பக் கழட்டி அடிச்சுப்புட்டேன். பொண்டாட்டி பிள்ளயக் கூட்டிக்கிட்டு எங்கிட்டோ போயிட்டான். போகட்டும். நீங்க மட்டும் சொல்லலேன்னா அவன இன்னும் நம்பிக்கிட்டேதேன் இருந்திருப்பேன்."

நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. 'பரவாயில்லை' என்று சொன்னேன் போலிருக்கிறது. உள்ளே வந்து உட்கார்ந்தேன், சோறு இறங்கவில்லை. மோர் சரியில்லையா என்று தமயந்தி கேட்டாள். மோர் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த டைரியை நான்தான் எழுதுகிறேன், நான்தான் படிக்கப் போகிறேன், அப்படியும் இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 9

காலையில் பஸ் பிடித்து மொக்கச்சாமி வீட்டுக்குப் போனேன். நஸ்ரின் கொடுத்த தாளை உறையோடு எடுத்துக்கொண்டேன். வாசலில் ஏணிகள் சுவரோரம் படுத்துக் கிடந்தன. வேலைக்குப் போகாத ஏணிகள். மொக்கச்சாமி பதறிப்போய் நாற்காலி போட்டார், கலர் வாங்கி வரச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தாளை விரித்துக் காட்டினேன்.

"வீரணன் மேல தப்பு இல்ல. பெயின்ட்டுல பசை பன்னெண்டுதான். முப்பத்திநாலு இல்ல."

அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் மெல்லச் சிரித்தார். சிரிப்பில் கேலி இல்லை.

"சார், நீங்க எம்புட்டுப் பெரிய மனுசன். குடும்பம் பிரிஞ்சிருச்சுன்னு நான் சொன்னதக் கேட்டு, ஒட்ட வைக்கிறதுக்காக உங்க கம்பெனியவே கொற சொல்றீகளே. இந்த மனசு யாருக்கு வரும்? வேணாம் சார். அம்புட்டுப் பேரு முன்னாடி, சபையில வச்சு முப்பத்திநாலுன்னு சொன்னவரு நீங்க. எனக்காகப் பொய் சொல்லாதீக."

இது பொய் இல்லை, அதுதான் பொய் என்றேன். தொள்ளாயிரம் டிகிரியைச் சொன்னேன், கல்பொடியைச் சொன்னேன், முதலாளிக்குப் போட்டுக் கொடுத்த கணக்கையும் சொன்னேன். பதினோரு வருஷத்தில் இதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. கேட்கக் கேட்க அவருக்கு என் மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. "எவ்வளவு யோசிச்சு வந்திருக்கீக சார்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவர் மனைவி பெருமாயி கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது முன்னால் வந்தார்.

"நெசமா பொய்யான்னு எனக்குத் தெரியாது சார். இப்பச் சொன்னீகள்ல, அதேயே ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. சங்கத்துல நான் குடுத்துக்கிறேன். எந் தம்பி எங்கிட்டு இருந்தாலும் தேடிப் போயி அதக் காட்டிக் கூட்டியாந்துருவேன்."

உள்ளே போய், பள்ளிக்கூட நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார்.

தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட்டால் தென்றல் கார்டனோடு முடியாது. பதினோரு வருஷத்தில் நான் எழுதிக் கொடுத்த எல்லா அறிக்கையும் எழுந்து வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மொக்கச்சாமி இருப்பார், ஒரு வீரணனும் இருப்பான். முதலாளி இருக்கிறார். ஜூன் மாதம் தயாராகப்போகும் அறையும் இருக்கிறது.

"பேனா இருக்கா சார்?" என்று பெருமாயி கேட்டார்.

சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்து, மூடியைத் திறந்து, உதறிப் பார்த்தேன். மை தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இந்தப் பக்கத்தை அதே பேனாவில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.